மச்சானின் சகோதரர்கள்

அந்தச் சங்கத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுத வேண்டாம் என்று அக்கா கேட்டுக்கொண்டாள். உலகம் முழுக்கக் கிளைகள் உள்ள, கதவைச் சாத்திக்கொண்டு கூட்டம் நடத்துகிற, ஒருவரை ஒருவர் சகோதரர் என்று அழைத்துக்கொள்கிற பழைய சங்கம் என்று சொன்னால் பாதிப் பேருக்குப் புரிந்துவிடும். மீதிப் பேர் என்னைப் போல. எனக்கு இன்றுவரை சரியாகப் புரியவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்ல மட்டும்தான் முடியும்.

செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் தெருவில் நான் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், இதுதான் என் பிழைப்பு. அதே தெருவின் மறுமுனையில் மச்சானுக்குப் பெயிண்ட் கடை. மச்சான் என்றால் என் அக்காவின் கணவர். அறுபதைத் தொட்டவர். ஐந்து வேளைத் தொழுகை தவறாதவர். அதிகம் பேசமாட்டார். வாடிக்கையாளர் ஒருவர் வெளிர் நீலத்துக்கும் வான நீலத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால்கூட, பதில் சொல்லாமல் இரண்டு டப்பாவையும் திறந்து காட்டுகிற ஆள். வீட்டுக்கு ஒரே ஆண்பிள்ளை. கூடப் பிறந்தவர்கள் இரண்டு தங்கைகள் மட்டும். மகள்கள் இருவரையும் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் அவரும் அக்காவும்தான்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அக்கா கடைக்கு வந்தாள். கண்ணாடிக் கதவைச் சாத்தினாள். கம்ப்யூட்டர் முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் ஒன்னு கேட்டா சிரிக்கக் கூடாது. லாட்ஜுல இன்னாடா பண்ணுவாங்க?"

ரூம் எடுத்துத் தங்குவார்கள் என்றேன். அவள் தன் போனை எடுத்து ஒரு போட்டோவைக் காட்டினாள். மச்சான் குளிக்கப் போனபோது அவருடைய போன் திரையைப் படம் பிடித்திருக்கிறாள். 'பிரதர்' என்று பதிந்திருந்த நம்பரிலிருந்து ஒரு செய்தி. இரண்டாவது சனி, லாட்ஜ், மாலை ஐந்து, அவசியம் வரவும்.

பதினோரு வருடமாக ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை மச்சான் மாமல்லபுரம் போய்வருவார். பெயிண்ட் டீலர்கள் கூட்டம் என்று சொல்வார். கறுப்பு நிறத்தில் தட்டையாக ஒரு பெட்டி எடுத்துப்போவார். கோட்டைத் தானே இஸ்திரி போட்டுக்கொள்வார். நாங்கள் யாரும் ஒரு நாள்கூடச் சந்தேகப்பட்டதில்லை. இப்போது எல்லாம் சேர்த்துப் பார்த்தபோது எனக்கே சந்தேகம் வந்தது.

"மாமல்லபுரத்துல லாட்ஜுக்கா பஞ்சம்? எவளோ ஒருத்தி கீறா. பிரதர்னு பேரு போட்டு வெச்சிகினு கீறாரு," என்றாள் அக்கா. அழவில்லை. குரல் மட்டும் தட்டையாக இருந்தது. அந்தச் சனிக்கிழமை நான் மச்சானைப் பின்தொடர வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். முடியாது என்று சொல்ல எனக்கு இடமே தரவில்லை.

மச்சான் பைக்கில் போனார். நான் ஸ்கூட்டரில், ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, திருக்கழுக்குன்றம் வழியாக நூறு அடி பின்னால். அவர் மாமல்லபுரத்துக்குள் போகவில்லை. கடற்கரைச் சாலைக்குக் கொஞ்சம் முன்பே ஒரு மண் பாதையில் திரும்பி, சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இருந்த ஒரு கட்டடத்துக்குப் போனார். பழைய பங்களா. புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது. வாசலில் பெயர்ப்பலகை இல்லை. கதவுக்கு மேலே கொத்தனாரின் மூலைமட்டமும் வட்டம் போடுகிற கவராயமும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தாற்போலச் செதுக்கிய கல் மட்டும் பதித்திருந்தார்கள். கார்கள் பத்துப் பன்னிரண்டு நின்றன. கோட்டுப் போட்ட ஆண்கள் தட்டைப் பெட்டியோடு இறங்கி உள்ளே போனார்கள். ஒரு பெண்கூட இல்லை.

எனக்கு முதலில் நிம்மதி, அப்புறம் குழப்பம். பாதை முனையில் இருந்த டீக்கடைக்காரரிடம் அது என்ன இடம் என்று கேட்டேன்.

"அதுவா அண்ணாத்த, தலைவெட்டி பங்களா. புச்சா சேர்ற ஆள கண்ண கட்டி ஆட்டு மேல ஒக்கார வெப்பாங்களாம். உள்ள மண்டையோடு கீதாம். எங்க நைனா காலத்துலேர்ந்து சொல்லிகினு கீறாங்க," என்றார் டீயை ஆற்றியபடி. நீங்கள் பார்த்திருக்கிறீர்களா என்றேன். பார்த்ததில்லையாம். ஆனால் அங்கே போகிறவர்கள் எல்லாம் நல்ல மாதிரி, டீ குடித்தால் கிளாஸைத் தாங்களே கழுவி வைப்பார்கள் என்றும் சொன்னார்.

டீயைக் குடித்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். அக்காவிடம் என்ன சொல்வது என்று தெரியாததால் நடந்து போய்ப் பார்த்தேன். வாசல் கேட் திறந்தே இருந்தது. தாழ்வாரத்துக்குள் எட்டிப் பார்த்ததும் கால் அப்படியே நின்றுவிட்டது. சாத்திய கதவுக்கு முன்னால் ஒரு பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கோட்டு, வெள்ளைக் கையுறை, இடுப்பில் நீலக் கரை வைத்த சின்ன வெள்ளை ஏப்ரன். வலது கையில் உருவிய வாள். இடது கையில் போன். போனில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் எழுந்தார். வாளைக் கீழே வைப்பதா, பிடித்துக்கொள்வதா என்று அவருக்கே ஒரு கணம் தெரியவில்லை. "யாருப்பா, என்ன வேணும்?" என்று தெற்கத்திக் குரலில் சாதாரணமாகக் கேட்டார். நான் மச்சானின் பெயரைச் சொல்லி, அவர் மச்சினன் என்றேன். வீட்டில் ஏதாவது அவசரமா என்றார். இல்லை என்றேன். அவர் புரிந்துகொண்டவர் போலத் தலையை ஆட்டினார். "ஒக்காருங்க. ஏழரைக்கு முடிஞ்சிரும். உள்ள மட்டும் விட முடியாது."

கல்பாக்கத்தில் எஞ்சினியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அவருடைய பெயரும் வேண்டாம். எஞ்சினியர் என்றே சொல்கிறேன். இரண்டு மணி நேரம் அவரோடு அந்தத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து அவ்வப்போது சுத்தியால் தட்டும் சத்தமும், பலர் சேர்ந்து ஏதோ சொல்வதும் கேட்டன. இந்த வாள் எதற்கு என்று கேட்டேன். அந்நியர் உள்ளே வராமல் பார்த்துக்கொள்ள என்றார். யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "இத்தனை வருசத்துல நீங்கதான்," என்றார்.

கதவு திறந்து மச்சான் வெளியே வந்தார். அவர் இடுப்பிலும் ஏப்ரன். வீட்டில் கைலியைத் தவிர வேறெதையும் இடுப்பில் கட்டிப் பார்த்திராத மனிதர். என்னைக் கண்டதும் கோபப்படவில்லை. "மாப்ள, சாப்ட்டியா?" என்றார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அக்காவிடம் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னார்.

சொல்லியும் விட்டார். மறுநாள் காலை அக்காவைப் பார்க்கப் போனேன். வேறு பெண் இல்லை என்று தெரிந்ததில் அவள் சந்தோஷமாக இருப்பாள் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவள் அடுப்படியில் தேங்காயைத் துருவிக்கொண்டிருந்தாள். துருவி முடித்த மூடியையும் விடாமல் துருவிக்கொண்டிருந்தாள்.

"இன்னொருத்தியா இருந்தா முடிய புடிச்சி இஸ்து போட்டிருப்பேன். இப்ப யார்கிட்ட போய் சண்ட போட்றது, சொல்லு. பதினோரு வருசம்டா. நாப்பது ஆம்பளைங்களுக்குத் தெரிஞ்சது எனுக்குத் தெரில."

அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான். சேரும்போது சத்தியம் செய்தீர்களாமே, என்ன சத்தியம்? அதை மட்டும் மச்சான் சொல்ல மறுத்துவிட்டார். தப்பான சத்தியம் இல்லை, அல்லாஹ்வுக்கு விரோதமானது இல்லை, குர்ஆன் மேல் கை வைத்துத்தான் சொன்னேன், அதற்கு மேல் கேட்காதே என்றிருக்கிறார். அங்கே கீதை, பைபிள், குர்ஆன் எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைத்திருப்பார்களாம்; அவரவருக்கு அவரவருடையது.

அவர் கடைக்குப் போனதும் அக்கா அந்தப் பெட்டியை எடுத்து என் முன்னால் வைத்தாள். பூட்டுக்கூட இல்லை. ஏப்ரன், கையுறை, கைக்கு அடக்கமான ஒரு சின்னப் புத்தகம். புத்தகத்தைத் திறந்து பார்த்ததும் என் தொழில் புத்தி முந்திக்கொண்டது. ஆங்கில எழுத்துகள்தாம், ஆனால் ஒரு சொல்கூட முழுதாக இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் முதல் எழுத்து மட்டும், பக்கம் பக்கமாக. யாரோ ஃபாண்ட் மாற்றும்போது கெடுத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் விளங்கியது, மனப்பாடம் செய்தவனுக்கு மட்டும் படிக்க வரும்படி வேண்டுமென்றே அப்படி அச்சிட்டிருக்கிறார்கள். இருபது வருடமாக எல்லோருக்கும் புரிய வேண்டும் என்று எழுத்துகளைக் கட்டிக்கொண்டிருக்கிறவன் நான். புரியக் கூடாது என்று அச்சடித்த ஒரு புத்தகத்தை அன்றுதான் கையில் பிடித்தேன்.

அடுத்த சில வாரங்கள் நான் போனே கதியாகக் கிடந்தேன். தேடத் தேட ஒன்றுக்கொன்று ஒட்டாத விஷயங்கள் வந்துகொண்டேயிருந்தன. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலேயே இந்தச் சங்கமும் சென்னைக்குக் கப்பலேறி வந்துவிட்டது என்று ஒரு கட்டுரை. முதலில் வெள்ளைக்காரர்களை மட்டும் சேர்த்தார்கள், பிறகு நவாப் வீட்டு இளவரசர் ஒருவரைச் சேர்த்தார்கள், பிறகு ஜமீன்தார்கள், வக்கீல்கள், நீதிபதிகள். முஸ்லிம் இளவரசர் என்று படித்ததும் எனக்கு ஏனோ கொஞ்சம் ஆறுதல். அடுத்து ஒரு வீடியோவில் ஒருவர் மேசையைக் குத்திக் குத்தி, உலகத்தை ஆள்வதே இவர்கள்தான், ரூபாய் நோட்டிலிருந்து சினிமா போஸ்டர் வரை ஒற்றைக் கண்ணை ஒளித்து வைக்கிறார்கள் என்றார். அதை அக்காவுக்கும் காட்டினேன். முழுதும் பார்த்தாள். "இவரா ஒலகத்த ஆள்றாரு? வூட்ல டிவி ரிமோட்டு கூட இவரு கைல இல்ல," என்றாள். அவள் சிரித்துப் பல நாள் ஆகியிருந்தது.

ஆனாலும் அவளுக்கு மனம் ஆறவில்லை. பள்ளிவாசலில் தொழவைக்கிற ஹஜ்ரத்தின் மனைவி மூலமாக, யாரோ தெரிந்தவர் என்று சொல்லி, விசாரித்துப் பார்த்தாள். மார்க்கம் படித்த ஆலிம்கள் பலர் கூடாது என்றுதான் சொல்லியிருக்கிறார்கள், விட்டுவிடுவது நல்லது என்று பதில் வந்தது. மச்சானிடம் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். அடுத்த இரண்டாவது சனிக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகையை முடித்துவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பின்னொரு நாள் அக்கா போனிலிருந்து அந்தச் சத்தியத்தின் வாசகம் என்று எவரோ போட்டிருந்ததைத் தட்டுத்தடுமாறி அவர் முன்னாலேயே வாசித்தாளாம். பக்கத்தில் இருந்தவன் இல்லை நான்; அவள் சொன்னதுதான். மச்சான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தாராம். "எல்லாமே போன்ல கீது. அப்பறம் இன்னாத்த மறைக்கிறாரு?" என்று என்னிடம் கேட்டாள். எனக்கும் அதே கேள்விதான்.

கேட்க ஆள் வேண்டுமே என்று மாமல்லபுரத்துக்கு ஒரு வேலையாகப் போனபோது, அந்தச் சங்கத்திலேயே இருக்கும் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். சிற்பக்கூடம் வைத்திருப்பவர். எஞ்சினியர்தான் வழி சொன்னார். உளிச் சத்தத்துக்கு நடுவே கத்திக் கத்திப் பேச வேண்டியிருந்தது. வாசகங்களை மட்டும் கேட்காதே, மற்றபடி எதை வேண்டுமானாலும் கேள் என்று ஆரம்பித்தார். அவர் சொன்ன கதை இது: பழங்காலத்தில் மேல்நாட்டில் பெரிய தேவாலயங்களைக் கட்டிய கல்வேலைக்காரர்கள் ஊர் ஊராகப் போவார்களாம். வேலை நடக்கும் இடத்தில் அவர்கள் போட்டுக்கொண்ட கொட்டகைக்குத்தான் லாட்ஜ் என்று பெயர். நிஜமாகவே தொழில் தெரிந்தவனா, போலியா என்று கண்டுபிடிக்கச் சில சைகைகள், சில சொற்கள். காலப்போக்கில் கல்வேலை போய்விட்டது. துரைமார்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள். மட்டமும் கவராயமும் சுத்தியும் அடையாளமாகத் தங்கிவிட்டன.

"எங்கிட்ட ரெண்டு கல்லு கேட்டு வந்தாங்க. ஒன்னு வழவழன்னு சதுரமா. இன்னொன்னு கரடுமுரடா. கரடு வேணும்னா ரோட்டோரமா பொறுக்கிக்கோயேன், அதுக்கு எதுக்கு நானுன்னேன். இல்ல, உள்ள வர்றப்ப மனுசன் அப்பிடி இருப்பான், அத காட்றதுக்குன்னாங்க. ஒரு மாதிரி ஆயிட்ச்சி எனுக்கு. தாத்தா காலத்துலேர்ந்து கல்லு வெட்றோம், எங்கள்ல யாரும் அப்பிடி சொன்னதில்ல. சேந்துட்டேன்."

கல்வேலைச் சாதிக்காரரான தானும், மதுராந்தகம் நெல் வியாபாரி ஒருவரும், எஞ்சினியரும், என் மச்சானும் தட்டோடு தட்டாகப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிற இடம் இந்தப் பக்கத்தில் வேறு எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டார். ஹோட்டலில் சாப்பிடுகிறார்களே என்றேன். அது வேறு என்றார். பெண்களை ஏன் சேர்ப்பதில்லை என்று கேட்டேன். உளியை எடுத்துக் கூர் பார்த்துவிட்டு, அது பழக்கம் என்று மட்டும் சொன்னார். திரும்பி வரும் வழியில் அவர் சொன்னதில் எது என்னைக் கவர்ந்தது, எது உறுத்தியது என்று பிரித்துப் பார்க்க முயன்றேன். வரவில்லை.

இப்படியே ஒரு வருடம் ஓடியது. அக்காவும் மச்சானும் பேசிக்கொண்டார்கள், சாப்பிட்டார்கள், மகள்கள் வீட்டுக்குப் போய்வந்தார்கள். இரண்டாவது சனிக்கிழமை மட்டும் அக்கா அவருக்குக் கதவைத் திறந்துவிட மாட்டாள். அவரே சாவியைப் போட்டுத் திறந்துகொள்வார்.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை வந்தது. மச்சான் கடை வசூலுக்காகவோ எதற்காகவோ மேல்மருவத்தூர் பக்கம் போய்விட்டு, ஜும்ஆ தொழுகைக்குள் வந்துவிட வேண்டும் என்று பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தார். படாளத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் வண்டியை நிறுத்தி, ஸ்டாண்டும் போட்டுவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் கோணிவிட்டது. சுற்றிக் கூடியவர்களிடம் அவரால் தன் ஊரைக்கூடச் சொல்ல முடியவில்லை. அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்திருக்கிறது. எஞ்சினியர். ரோட்டில் போன ஒரு நல்ல மனிதர் எடுத்து விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்.

எஞ்சினியர் எனக்கு மூன்று தடவை போன் செய்திருக்கிறார். நான் ஜும்ஆ தொழுகையில் இருந்தேன். போனை அணைத்து வைத்திருந்தேன். அக்காவின் நம்பர் அவரிடம் இல்லை. நான் வெளியே வந்து பார்த்து, அக்காவை ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. 

அவசர சிகிச்சைப் பிரிவு வாசலில் ஒரு நர்ஸ் எங்களை நிறுத்தினாள்.

"நீங்க யாரு? பேஷன்ட்டோட பிரதர்ஸ் எல்லாம் உள்ள கீறாங்களே. அத்தன பேர விட முடியாது."

"அவருக்கு ஏதும்மா பிரதர்?" என்றாள் அக்கா.

உள்ளே ஐந்து பேர் நின்றார்கள். எஞ்சினியர், சிற்பக்கூடத்துக்காரர், அவர் சொல்லியிருந்த மதுராந்தகம் நெல் வியாபாரி, எனக்குத் தெரியாத இன்னும் இரண்டு பேர். எஞ்சினியர் போன் செய்தபோது படாளத்துக்குப் பக்கத்தில் இருந்தவர் நெல் வியாபாரிதான். அவர்தான் தன் காரில் அள்ளிப்போட்டுக்கொண்டு வந்தவர். சிற்பக்கூடத்துக்காரர் மச்சானின் செருப்புகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கே வைப்பதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

மூளையில் ரத்தக்கட்டி அடைத்திருந்தது. அதைக் கரைக்கும் ஊசியைச் சில மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். போட்டால் ரத்தம் கசியும் அபாயமும் உண்டு. சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். எஞ்சினியர் போட்டிருக்கிறார். நோயாளிக்கு என்ன உறவு என்ற கட்டத்தில் 'சகோதரர்' என்று எழுதியிருக்கிறார். ஊசி போட்டாகிவிட்டது. உயிருக்கு இனிப் பயமில்லை, பேச்சும் வலது பக்கமும் எவ்வளவு திரும்பும் என்று போகப்போகத்தான் தெரியும் என்றார் டாக்டர்.

அக்கா அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். பிறகு எஞ்சினியரிடம் போனாள்.

"பொய் எழுதிக்கீறீங்க."

"ஆமாம்மா," என்றார் அவர். அப்புறம், "பொய்யான்னு எனக்கே தெரியல. நேரம் இல்ல," என்றார். ஏதாவது ஆகியிருந்தால் அந்தக் கையெழுத்துக்கு அவர்தானே பதில் சொல்லியிருக்க வேண்டும்? அக்காவுக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். சிற்பக்கூடத்துக்காரரிடமிருந்து செருப்பை வாங்கிக்கொண்டாள்.

பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். பகலில் அவர்கள் முறை வைத்துக்கொண்டு வந்தார்கள். ஒருவர் போகும்போது இன்னொருவர் வந்தார். எஞ்சினியர் வந்தால் மச்சானின் இடது கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொள்வார். கட்டைவிரல் அவர்களுக்குள் ஏதோ சைகை போல ஒரு விதமாக அழுந்தும். மச்சானின் விரல்களும் மெல்ல அசையும். டாக்டர் பேச்சுக் கொடுத்தாலும், மகள்கள் வாப்பா என்று கூப்பிட்டாலும் வெறித்துப் பார்த்தவர் அதற்கு மட்டும் அசைந்தார். அக்கா அதைப் பார்க்காதவள் போலக் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருப்பாள். நன்றியா, பொறாமையா என்று நான் அவள் முகத்தில் தேடினேன். என் மனத்திலேயே எது இருந்தது என்று எனக்குத் தெரியாதபோது அவள் முகத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது?

வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு, பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வாரம் இரண்டு நாள் வந்தாள். மச்சானுக்குத் தண்ணீர் என்ற சொல் வரவில்லை. அக்காவின் பெயர் வரவில்லை. டம்ளரைக் காட்டினால் உதடு துடிக்கும், கண்ணில் நீர் வரும், சொல் வராது. மனப்பாடமாகத் தெரிந்ததைச் சொல்லவைத்துப் பாருங்கள், அது மூளையின் வேறு ஓரத்தில் பத்திரமாக இருக்கும் என்றாள் அந்தப் பெண். ஒன்று இரண்டு மூன்று, ஏதாவது பாட்டு, பிரார்த்தனை. அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்மில்லாஹ் என்று எடுத்துக்கொடுத்தாள். மச்சான் குர்ஆனின் முதல் அத்தியாயமான அல்ஹம்து சூராவைத் தட்டாமல் தடுமாறாமல் கடைசிவரை ஓதினார். தண்ணீர் கேட்கத் தெரியாத வாய். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அதற்குச் சில நாள் கழித்து, மத்தியானம் மூன்று மணி இருக்கும், அக்கா போனில் என்னைக் கூப்பிட்டாள். உடனே வா என்றாள். நான் கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். வீட்டின் ஜன்னல்கள் எல்லாம் அந்த வெயிலிலும் சாத்தியிருந்தன. கதவைத் தட்டினேன். அக்கா ஒரு கையளவு மட்டும் திறந்தாள்.

உள்ளேயிருந்து மச்சானின் குரல் கேட்டது. ஆங்கிலம். நீளமான வாக்கியங்கள், ஒன்றன் பின் ஒன்றாக, ஏற்ற இறக்கத்தோடு. நடுவில் கேள்வி கேட்பது போல ஒரு நிறுத்தம், பிறகு பதில் போல இன்னொரு வாக்கியம். கடையில் கூட மச்சான் இத்தனை பேசி நான் கேட்டதில்லை.

அக்கா மெதுவான குரலில் சொன்னாள்: அவர் அல்ஹம்து ஓதி முடித்துவிட்டுத் தானாகவே இதை ஆரம்பித்திருக்கிறார். அரை மணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவளுக்கு அங்கங்கே ஒரு சொல் தவிர எதுவும் புரியவில்லை. ஆனால் அது லாட்ஜில் சொல்கிற வாசகம்தான் என்று தெரிந்துவிட்டது. என்ன சொல்கிறார் என்று கேட்டுச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள்.

நான் செருப்பைக் கழற்றினேன். உள்ளே கால் வைக்கப் போனேன். அவள் கதவைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

"வேணாம்," என்றாள்.

"நீதான கூப்ட்ட?"

"கூப்டேன். இப்ப வேணாங்கறேன். அவருக்கே தெரியாம சொல்லிகினு கீறாரு. நீ அந்தாண்ட போய் நில்லு. எதுர் வூட்டுக்காரி வந்தா பேச்சு குடு."

கதவைச் சாத்திவிட்டாள். நான் வாசலில் நின்றேன். பத்து நிமிடமா, இருபது நிமிடமா தெரியாது. சொற்கள் கதவு வழியாக மங்கலாக வந்துகொண்டேயிருந்தன. காதைத் தீட்டினால் பிடித்துவிடலாம். எவ்வளவு நாள் தேடினேன், எத்தனை வீடியோ பார்த்தேன். அந்த நேரத்தில் என்ன செய்தேன் தெரியுமா? நாலு வீடு தள்ளி நடந்துபோய், அங்கே ஒருவர் புது பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, மைலேஜ் என்ன கொடுக்கிறது என்று விசாரித்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கு விளங்கவில்லை. மச்சானுக்கு நான் எந்த வாக்கும் கொடுத்தவன் இல்லை.

இது நடந்து ஒன்றரை வருடம் ஆகப்போகிறது. மச்சான் இப்போது கோலை ஊன்றி நடக்கிறார். சின்னச் சின்ன வாக்கியங்கள் பேசுகிறார். கடைக்குக் காலையில் வந்து உட்கார்ந்து, மத்தியானம் போய்விடுகிறார். இரண்டாவது சனிக்கிழமை எஞ்சினியரின் கார் வந்து அவரை ஏற்றிப்போகிறது. பெட்டியை அக்காதான் காரில் வைக்கிறாள். அந்தச் சங்கம் நல்லதா, கெட்டதா என்று அவளிடம் நான் இப்போது கேட்பதில்லை. கேட்டால் என்னையே திருப்பிக் கேட்பாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா கீழே உட்கார்ந்து காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மச்சான் திடீரென்று என் பக்கம் திரும்பினார். சொற்களைத் தேடித் தேடி எடுத்தார்.

"மாப்ள. அப்போ... பேச்சு இல்லாதப்போ... நான் எதுனா சொன்னனா?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் ஒரு கைலியை இரண்டாக மடித்து, நான்காக மடித்து, மடியில் வைத்து நீவினாள். தலையைத் தூக்கவில்லை.

"அல்ஹம்து ஓதுனீங்க," என்றாள்.

மச்சான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பினாரா, இல்லையா, நிம்மதியா, இல்லை வேறு ஏதாவதா, என்னால் சொல்ல முடியவில்லை. பிறகு டீ கேட்டார். சொல் சரியாகவே வந்தது. அக்கா எழுந்து போனாள்.